இருபத்தொரு நாள் பழக்கம்

கால் வலிக்கிறவர்கள் வந்து போக வேண்டிய அலுவலகத்தை மூன்றாவது மாடியில் வைத்த மனிதர் யார் என்று நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எங்கள் குடிநீர் வாரியத்தின் பாத நலத் துறைக்கு லிஃப்ட் இருக்கிறது, இல்லை என்று பழி சொல்ல மாட்டேன். ஆனால் அது கோப்புகள் ஏறி இறங்குவதற்கு. மாடி ஏறி வர முடிந்தவருக்குக் காலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற முடியாதவர் விண்ணப்பமே கொடுக்க முடியாது. இப்படித்தான் எங்கள் வாரியத்தில் கால் வலி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.

நான் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர், இருபத்து மூன்று வருஷமாக. எனக்கு உட்காரவே வராது. சாப்பிடும்போதே ஒரு கால் வாசலைப் பார்க்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதன் என்று கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அப்படிப்பட்டவனுக்கு இடது குதிகாலில் வலி வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவேன். கொஞ்சம் நடந்தால் தணியும். சாயங்காலம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் பதற வைத்தது வேறு. இன்னும் நாற்பது நாளில் நடைத் தகுதித் தேர்வு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மீட்டர் ரீடர்கள் எல்லாரும் கீழ்த்தள நடைவழியில் நாற்பது தடவை போய் வர வேண்டும். சுவரோரம் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இரண்டு மணி நேரம் ஆகும். யார் நொண்டினாலும் அவருடைய ரூட்டைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது நடப்பது ஒன்றுதான்.

மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள். கால் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். "நீங்க நாள் பூரா உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் கிறுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். முதல்ல இந்தக் காலைக் கவனிங்க" என்றாள். பழைய துவாலையை மூன்று மடிப்பாக மடித்து, என் பாத அளவுக்கு வெட்டித் தைத்து, ஷூவுக்குள் வைத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு நாள் சொர்க்கமாக இருந்தது. மறுநாள் காலை வாசலில் காலணிப் பரிசோதனை. காவலாளி என் ஷூவுக்குள் கையை விட்டுத் துவாலையை உருவி எடுத்தார். வாரியம் கொடுத்த காலணிக்குள் வாரியம் கொடுக்காத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கால் மட்டும் விலக்காம்.

ஆக, மூன்றாவது மாடி. அங்கே இரண்டு ஜன்னல்கள். ஒன்று சிகிச்சை, இன்னொன்று தடுப்பு. சிகிச்சை ஜன்னலில் இருந்தவர் கால் எலும்பு முறிந்திருக்கிறதா, தசை கிழிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வலிக்கிறது என்றேன். காயமே இல்லாமல் எப்படிச் சிகிச்சை செய்வது, காயம் வராமல் தடுப்பதற்கு அடுத்த ஜன்னல் இருக்கிறதே என்றார். அடுத்த ஜன்னலில் வலி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். வந்துவிட்டதை எப்படித் தடுப்பது என்று வருத்தத்தோடு திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாள் இந்த இரண்டு ஜன்னலுக்கும் நடையாய் நடந்தேன். வலி இல்லை என்று ஒரு ஜன்னலிலும், கால் உடைந்துவிட்டது என்று இன்னொன்றிலும் பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பொய் சொல்லத் தனிப் படிவம் கேட்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகும் பாத மருத்துவர் தேநீர் குடிக்க வெளியே வந்தவர், நான் நடக்கிற நடையைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். அந்தத் துறையில் என் காலைத் தொட்டுப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். குதிகாலைக் கட்டை விரலால் அழுத்தினார், நான் கூரையைப் பார்த்தேன். உள்ளங்கால் தசைநார்ப் பட்டை இழுபட்டுப் புண்பட்டிருக்கிறது, வளைவுக்குத் தாங்கல் இல்லை, ஷூவுக்குள் வைக்கிற இன்சோல் ஒன்று செய்து போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். மாவுக்கட்டு போட்டு இரண்டு பாதத்துக்கும் அச்சு எடுத்தார். சீட்டில் எழுதியும் கொடுத்தார். முதல் நாள் ஒரு மணி நேரம் போடவும், தினமும் கொஞ்சம் கூட்டவும், இருபத்தொரு நாளில் பழகிவிடும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பதினோரு நாளில் இன்சோல் வந்தது. துறையில் அதற்குப் பெயர் பாதத் தாங்கி. என்னுடையது பதினேழாம் எண். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். குதிகாலுக்கு அழகான குழி, வளைவுக்கு மேடு. கையை நீட்டினேன். துறைத் தலைவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன்மையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"டாக்டர் தெளிவா எழுதியிருக்கார், இருபத்தொரு நாள் பழக்கணும்னு. பழகாத தாங்கியை உங்ககிட்ட கொடுத்து உங்க காலுக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? நாங்கதான். உங்க காலுக்கு ஏற்கனவே என்ன ஆகியிருக்குங்கறது வேற விஷயம். அது எங்க தாங்கியால ஆனது இல்லை. அதனால அதுல எங்களுக்குக் கவலையே இல்லை."

அப்படியானால் யார் பழக்குவது என்று கேட்டேன். அதற்குத்தான் பழக்குநர் என்று ஒரு பதவி உண்டாக்கியிருக்கிறோம் என்று பெருமையோடு கதவைக் காட்டினார். உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இரண்டாம் மாடி எழுத்தர். நாற்காலியில் போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து சொந்த மெத்தையைத் தினமும் கொண்டு வந்து கொண்டு போகிறவர் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு மெத்தை என்றுதான் பெயர். ஷூ அளவு எட்டு. என் அளவும் எட்டு. வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

முதல் நாள் ஒரு மணி நேரம். மெத்தை என் இன்சோலைத் தன் ஷூவுக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, காலை ஒரு முக்காலி மேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஏடு. அதில் மூன்று பத்தி: தேதி, நேரம், தாங்கியின் நலம். மணி முடிந்ததும் மூன்றாம் பத்தியில் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வாசலில் கால் கடுக்க நின்று பார்த்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரூட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே என் இன்சோல் ஞாபகம் வரும். மதியம் மூன்று மாடி ஏறிப் போய் நிற்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லா பழகிட்டு வருதுண்ணே" என்பார் மெத்தை. நாட்களை எண்ணுவேன், இறங்குவேன். படியில் இறங்குவதுதான் ஏறுவதைவிட மோசம். அடுத்த புதன்கிழமை மருத்துவரிடம் முறையிடலாம் என்று போனால் அவர் அறை பூட்டியிருந்தது. சந்தேகத்துக்கு இடம் தராமல் சீட்டு எழுதுவது எப்படி என்ற பயிற்சிக்கு அவரை இரண்டு மாதம் அனுப்பியிருந்தார்கள்.

ஏழாம் நாள் பொறுக்க முடியாமல் தலைவரிடம் போய், ஐயா, அது நடக்கிறதுக்குச் செய்தது, உட்கார்ந்தே பழகினால் உட்காரத்தானே பழகும் என்றேன். அவர் சற்று யோசித்தார். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். நல்ல கருத்து என்றார். எட்டாம் நாளிலிருந்து களப் பழக்கம் தொடங்கியது. அதாவது, மெத்தை என் இன்சோலைப் போட்டுக்கொண்டு என் ரூட்டில் நடப்பார். வழி தெரியாது என்பதால் நான் கூடவே போக வேண்டும், வெறும் ஷூவோடு.

முதல் இரண்டு நாள் மெத்தை அழாத குறை. தெருவுக்குத் தெரு நிழல் தேடினார். நாய் குரைத்தால் என் பின்னால் ஒளிந்தார். மூன்றாம் நாள் மெத்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் என்ன ஆனதோ, மனிதர் வேகம் பிடித்துவிட்டார். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி எனக்கு முன்னால் போய் மீட்டர் மூடியைத் திறந்து எண்ணைச் சத்தமாகப் படிப்பார். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போய் எழுதுவேன். "சீக்கிரம் வாங்கண்ணே, வெயில் ஏறுது" என்று என்னையே அவசரப்படுத்துவார். வீடுகளில் தண்ணீர் கேட்டால் முதல் தம்ளர் அவருக்குத்தான் வந்தது. இத்தனை வருஷமாக என்னைப் பார்த்துக் குரைத்த மூலை வீட்டு நாய் அவரைக் கண்டால் வாலை ஆட்டியது. அதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பு.

இருபதாம் நாள் ஒரு மரத்தடியில் நின்றபோது மெத்தை தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "பத்து வருஷமா முதுகு வலிண்ணே. அதுக்குத்தான் அந்த மெத்தை. இப்ப வலி இல்ல. ராத்திரி அசந்து தூங்கறேன். நாளன்னிக்கு இதைக் கழட்டணும்னு நெனச்சாலே பயமா இருக்கு." திட்ட மனம் வரவில்லை. இன்னும் ஒரு நாள்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் தேர்வு. காலையில் தலைவர் அறையில் சின்ன விழா. பதினேழாம் எண் தாங்கி முழுமையாகப் பழக்கப்பட்டது என்று சான்றிதழ் படித்து, பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். உட்கார்ந்து போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். குதிகால் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. அடேயப்பா, இதற்குத்தானா இத்தனை நாள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கீழே நடைவழியில் ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. வலி இல்லை. பத்து. மூன்று அதிகாரிகளும் என் காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். பதினைந்து. இருபது. சாயங்காலம் மனைவியிடம் எப்படிச் சொல்லலாம் என்று வாசகம்கூடத் தயார் செய்துவிட்டேன். அப்போது மணி அடித்தது. தலைவர் கையில் கடிகாரத்தோடு வந்து என் முன்னால் நின்றார்.

"ஒரு மணி நேரம் ஆச்சு. கழட்டுங்க."

எதை என்றேன்.

"தாங்கியை. டாக்டர் எழுதினது ஞாபகம் இருக்கில்ல? முதல் நாள் ஒரு மணி நேரம்தான். தாங்கி பழகிடுச்சு, நீங்க பழகல. உங்களுக்கு இன்னிக்குத்தானே முதல் நாள்."

பாதித் தேர்வில் இருக்கிறேன் ஐயா என்றேன். கையைக் காலைப் பிடிக்காத குறை. அவர் ரொம்ப அன்பாகவே சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க காலுக்கு ஒண்ணு ஆகிடக் கூடாதுன்னுதானே இந்தத் துறையே இருக்கு."

நடுவழியில் தரையில் உட்கார்ந்து கழற்றினேன். மெத்தை பெட்டியை நீட்டி வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து எழுந்ததும் வந்தது பாருங்கள் அந்த ஆணி. பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொன்பது வரை இழுத்தேன். முப்பதில் இடது கால் தானாகவே இழுத்துக்கொண்டது. மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின.

முடிவு மறுநாளே வந்துவிட்டது. மற்ற எதற்கும் மூன்று மாதம் எடுக்கிற அலுவலகம். நான் நடக்கத் தகுதியற்றவன். என் ரூட்டுக்கு ஒரு ஆள் தேவை. பதினேழாம் எண் தாங்கியில் இருபத்தொரு நாள் பழகியவர், வழி தெரிந்தவர், நாயும் தெரிந்தவர் வாரியத்தில் ஒரே ஒருவர்தான். ஆகவே ரூட்டும் தாங்கியும் மெத்தைக்கு. அதனால் பழக்குநர் பதவி காலியானது. அதற்கு உட்காரத் தெரிந்தால் போதும், ஷூ அளவு எட்டு இருந்தால் போதும். ஆகவே அது எனக்கு. தலைவர் கை குலுக்கினார். யாரையும் நாங்கள் கைவிடுவதில்லை என்றார்.

மெத்தை தன் மெத்தையை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அன்று பகல் முழுக்க அதன் மேல் உட்கார்ந்தும் நின்றும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தும் நேரத்தைத் தள்ளினேன். கூண்டில் போட்ட எலிக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். வீட்டில் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வாரத்தில் பதினெட்டாம் எண் வந்தது. தெருக் குழாய்களில் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்து வருகிற பெண்ணுக்கு, டாக்டர் பயிற்சிக்குப் போகும் முன் அச்சு எடுத்துச் செய்தது. ஒரு நாளைக்கு அறுபது குழாய் நடப்பவள். பெண்களில் அளவு எட்டு அவளுக்கு மட்டும்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஷூவுக்குள் போட்டுக்கொண்டு, ஏட்டில் தேதி எழுதிவிட்டு எழுந்தேன். அச்சு அவளுடையதுதான். ஆனால் என் குதிகாலுக்கு அந்தக் குழி போதும். வலி இல்லை.

முக்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினேன். படியில் வலி இல்லை. வாசலில் காவலாளி ஷூவைப் பார்த்தார், வாரிய முத்திரை இருந்தது, விட்டுவிட்டார். என் பழைய தெருக்களில் மதியம் வரை சுற்றினேன். யார் வீட்டு மீட்டரையும் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, சும்மா நடந்தேன். என்ன சுகம், என்ன சுகம். இருபத்தொரு நாளும் இப்படியே நடக்கலாம், அப்புறம் பத்தொன்பதாம் எண் வரும், அப்புறம் இருபது என்று மனம் கணக்குப் போட்டது.

திரும்பி வந்து மாடி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்தப் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணா, என்னோடது எப்படி இருக்கு?"

"நல்லா பழகிட்டு வருதும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மெத்தையின் வாயிலிருந்து எத்தனை மதியம் இதைக் கேட்டு எரிந்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, ஷூக் கயிற்றை அவிழ்த்து, தாங்கி இரண்டையும் எடுத்து என் கைக்குட்டையால் துடைத்து அவள் மடியில் வைத்தேன். "இன்னிக்கு ஒரு மணி நேரம் போட்டுக்கோ. நாளைக்குக் கொஞ்சம் கூட்டிக்கோ. அப்புறம் கால் என்ன சொல்லுதோ அதைக் கேளு" என்றேன். ஏட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதி மாடியை ஏறினேன்.

இருபத்தொரு நாளும் ஒழுங்காக எழுதினேன். தேதி, நேரம், நலம். அவள் நடந்தாள், நான் உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் அவள் படியேறி வந்த சத்தத்திலேயே கால் சரியாகிவிட்டது தெரிந்தது. ஒப்படைக்கும் விழாவில், பெட்டியைக் காலியாகவே மூடி, கண்ணாடி மேல் சான்றிதழை வைத்து மறைத்துக் கொடுத்தேன், யாரும் திறந்து பார்க்கவில்லை. அவள் நடைவழியில் நடந்து காட்டியதைப் பார்த்துத் தலைவர் நெகிழ்ந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, முதல் நாளே என்ன நடை. இதுதான் பழக்குநர் முறையோட வெற்றி. தாங்கியை நல்லவிதமா பழக்கிட்டா போதும், கால் யாரோடதுங்கறதே முக்கியமில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. விழா முடிந்ததும் போய் உட்கார்ந்து ஏட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கம் ஒன்றுதான் மிச்சம். ஸ்கேலை வைத்து மூன்றாம் பத்திக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டேன். மேலே 'வலி' என்று எழுதினேன். கீழே எழுதப் பேனாவை வைக்கும்போது தலைவரின் நிழல் பக்கத்தின் மேல் விழுந்தது.

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல பத்தி என்றார். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லையே என்றார். அப்புறம் ஏட்டை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஆனா புதுப் பத்தி. பழகாம உங்ககிட்ட கொடுக்க முடியாது. வலி இல்லாத ஒருத்தர் முதல்ல இருபத்தொரு நாள் எழுதிப் பழக்கட்டும்."

அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். அவருக்கு எங்கும் எந்த வலியும் கிடையாது. தினமும் காலையில் பேனாவைத் திறந்து அந்தப் பத்தியில் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். இருபத்திரண்டாம் நாள் ஏட்டைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்து, இனிமேல் நீங்கள் எழுதலாம் என்றார். அந்தப் பக்கத்தில் இருபத்தொரு வரிதான். புது ஏட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வருவதைப் பார்த்துவிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டாள்.

"இல்லைன்னு எழுதியாச்சு" என்றேன்.